நந்தாதேவி பனியாறும் தொலைந்த புளூட்டோனியமும்: கங்கைக்கு ஆபத்து எங்கிருந்து வரும்?

அணுசக்தி நகர் (மும்பை): உத்தராகண்ட் மாநிலத்தின் நந்தாதேவி சிகரத்தில் 1965ஆம் ஆண்டு கைவிடப்பட்ட அணுசக்தி மின்கலம் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. அச்சிகரத்தின் பனி உருகி ஓடும் நீரே ரிஷிகங்கையாகி, அலக்நந்தாவில் கலந்து, கங்கையாகப் பெருகுகிறது. இதனால், அந்த மலைப்பகுதியில் நிலச்சரிவோ வெள்ளமோ ஏற்படும்போதெல்லாம் கங்கை நீரில் கதிரியக்கம் கலந்துவிட்டதா என்ற கேள்வி மீண்டும் எழுகிறது.

இக்கேள்வியை ஆராய 1978இல் மத்திய அரசு அமைத்த குழுவின் உறுப்பினர்களில் மூவர் மும்பையின் அணு அறிவியல் நிறுவனங்களில் பணியாற்றியவர்கள். அணுசக்தித் துறைப் பணியாளர்களின் குடியிருப்பான அணுசக்தி நகருக்கு அருகே ட்ராம்பேயில் அமைந்துள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், பிற்காலத்தில் இமயமலை நீரூற்றுகளையும் ஐசோடோப்பு முறையில் ஆய்வு செய்தது. நந்தாதேவி பனியாறு, தொலைந்த கருவி, அதனால் விளையக்கூடிய தீங்கு, 2021 பேரிடர் ஆகியவை குறித்த விவரங்கள் வருமாறு:

பனியாறு என்பது என்ன?

செய்திகளில் பனிப்பாறை என்றே பெரும்பாலும் குறிப்பிடப்படும் பனியாறு, ஓரிடத்தில் உறைந்து நிற்கும் பாறை அன்று. உயரமான சரிவுகளில் ஆண்டுதோறும் விழும் பனி, தன் எடையாலேயே அழுத்தப்பட்டுக் கெட்டியான பனிக்கட்டியாக மாறுகிறது. அப்பனிக்கட்டி புவியீர்ப்பால் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. மேலே பனி சேர்வதும் கீழே உருகுவதும் சமமாக இருக்கும்வரை பனியாற்றின் நீளம் மாறுவதில்லை. உருகுவது மிகும்போது அதன் முகப்பு பின்வாங்குகிறது.

நகரும்போது பனியாறு தன் மீது விழுந்த கற்களையும் மண்ணையும் பிற பொருள்களையும் சுமந்து செல்கிறது. மேற்பகுதியில் விழுந்தவை ஆண்டுதோறும் சேரும் புதுப் பனியால் மூடப்பட்டு உள்ளே புதைகின்றன. பல பத்தாண்டுகளுக்குப் பின் கீழ்ப்பகுதியில் பனி உருகும்போது அவை வெளிப்படுகின்றன. தொலைந்த கருவியின் நிலையைப் புரிந்துகொள்ள இந்த அடிப்படை இயல்பு முக்கியமானது.

மலைக்கோட்டை போன்ற அமைப்பு

நந்தாதேவி 7,816 மீட்டர் உயரம் உடையது. இந்திய எல்லைக்குள் முழுமையாக அமைந்த சிகரங்களில் இதுவே மிக உயரமானது. சமோலி மாவட்டத்தில் உள்ள இச்சிகரத்தைச் சுற்றி திரிசூல், துனகிரி, சங்காபாங் உள்ளிட்ட சிகரங்கள் வளையமாக நிற்கின்றன. திரிசூல், துனகிரி ஆகிய இரண்டும் 7,000 மீட்டரைக் கடந்தவை.

இந்த வளையத்துக்குள் உத்தரி ரிஷி, தட்சிணி ரிஷி, உத்தரி நந்தாதேவி, தட்சிணி நந்தாதேவி, சங்காபாங், ரமணி உள்ளிட்ட பனியாறுகள் உள்ளன. இங்குள்ள நீர் அனைத்தும் மேற்குப் புறத்தில் உள்ள ஒரே பள்ளத்தாக்கு வழியாகத்தான் வெளியேற முடியும். ரிஷிகங்கை செங்குத்தாக அறுத்து உருவாக்கிய அந்தக் குறுகிய வழியில் 1934ஆம் ஆண்டில்தான் பிரித்தானிய மலையேற்ற வீரர்கள் எரிக் ஷிப்டன், பில் டில்மன் ஆகியோர் உட்பகுதியை அடைந்தனர். 1936 ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் நோயல் ஓடெலும் சிகரத்தைத் தொட்டனர்.

இப்பகுதி 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, உட்பகுதிக்குள் மலையேற்றம் தடை செய்யப்பட்டது. மலையேற்றக் குழுக்கள் விட்டுச்சென்ற குப்பைகளும் மேய்ச்சலும் சூழலைக் கெடுத்ததே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2005இல் மலர்ப் பள்ளத்தாக்கும் இதனுடன் சேர்க்கப்பட்டது.

ரிஷிகங்கை முதல் கங்கை வரை

ரிஷிகங்கை, ரைணி கிராமத்தின் அருகே தவுலிகங்கையில் கலக்கிறது. 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களை வெட்டவிடாமல் காத்த சிப்கோ போராட்டம் நடந்த கிராமம் இதுவே. தவுலிகங்கை ஜோஷிமடத்துக்குக் கீழே விஷ்ணுபிரயாகையில் அலக்நந்தாவுடன் இணைகிறது. பின்னர் நந்தபிரயாகை, கர்ணபிரயாகை, ருத்ரபிரயாகை ஆகிய சங்கமங்களைக் கடக்கும் அலக்நந்தா, தேவபிரயாகையில் கங்கோத்ரி பனியாற்றிலிருந்து வரும் பாகீரதியைச் சந்திக்கிறது. அங்கிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்ற பெயர் வழங்குகிறது.

மரபு கோமுகத்தையே கங்கையின் பிறப்பிடமாகப் போற்றினாலும், நந்தாதேவியின் பனிநீருக்கும் அதில் பங்கு உண்டு. உத்தராகண்ட் மக்கள் நந்தாதேவியைத் தங்கள் வீட்டு மகளாகக் கருதி வழிபடுகின்றனர். மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் பாவனையில் அமைந்த நந்தாதேவி ராஜ ஜாத் எனும் நெடும் பயணம் 2014இல் நடைபெற்றது. தமிழ் வைணவ மரபிலும் இந்த ஆற்றுவழி அறியப்பட்டதே. ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் பதரிகாசிரமம் அலக்நந்தாவின் கரையில் உள்ளது. கண்டம் என்னும் கடிநகர் எனப் பெரியாழ்வார் பாடிய தலம் தேவபிரயாகை ஆகும்.

கங்கை நீரில் பனி உருகலின் பங்கு இடத்துக்கு இடம் மாறுபடும். தேவபிரயாகையில் ஆண்டு நீரோட்டத்தில் ஏறக்குறைய 29 விழுக்காடு பனியும் பனியாறுகளும் உருகுவதால் கிடைப்பதாக நீரியல் ஆய்வு கணக்கிட்டுள்ளது. சமவெளியில் மழையும் நிலத்தடி நீரும் துணையாறுகளும் சேர்வதால் இந்தப் பங்கு வெகுவாகக் குறைகிறது. எனினும் மழை இல்லாத கோடை மாதங்களில் மலைப்பகுதி ஆறுகள் பனி உருகலையே பெரிதும் நம்பியுள்ளன.

1965இல் நடந்தது என்ன?

சீனா தன் முதல் அணுகுண்டுச் சோதனையை 1964 அக்டோபர் 16 அன்று லோப் நோர் பகுதியில் நடத்தியது. சீன ஏவுகணைச் சோதனைகளின் சமிக்ஞைகளை இமயமலை உச்சியிலிருந்து ஒட்டுக்கேட்க அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ திட்டமிட்டது. 1962 போரின் வடு ஆறாத நிலையில் இந்தியாவும் இதற்கு ஒத்துழைத்தது. இந்திய உளவுத் துறையுடன் இணைந்து இத்திட்டம் இரகசியமாக நிறைவேற்றப்பட்டது.

1965 மே மாதம் எவரெஸ்டில் ஒன்பது பேரை ஏற்றி உலகின் கவனத்தை ஈர்த்த இந்தியக் குழுவின் தலைவர் கேப்டன் மன்மோகன் சிங் கோலி, இப்பணியிலும் இந்தியத் தரப்புக்குத் தலைமை வகித்தார். ஆளில்லாத உச்சியில் கருவி ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டியிருந்ததால், ஸ்நாப்-19சி எனும் அணுசக்தி மின்கலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புளூட்டோனியம்-238 சிதையும்போது வெளிப்படும் வெப்பத்தை இது மின்சாரமாக மாற்றும். உணர்கொம்பு உள்ளிட்ட மொத்தக் கருவிகளின் எடை ஏறக்குறைய 56 கிலோ. சுமந்து சென்ற ஷெர்பாக்கள் அதன் வெப்பத்தில் குளிர்காய்ந்ததாகக் கோலி பின்னாளில் பதிவு செய்துள்ளார்.

1965 அக்டோபரில் குழுவினர் ஏறக்குறைய 24,000 அடி உயரத்தில் உள்ள நான்காம் முகாமை அடைந்தபோது கடும் பனிப்புயல் வீசியது. உயிரிழப்பைத் தவிர்க்க, கருவிகளைப் பாறை இடுக்கில் கட்டிப் பாதுகாத்துவிட்டு அனைவரும் கீழே இறங்கினர். 1966இல் திரும்பிச் சென்றபோது அந்த இடத்தில் எதுவும் இல்லை. குளிர்காலப் பனிச்சரிவு கருவிகளை அடித்துச் சென்றிருக்க வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. அடுத்தடுத்து அனுப்பப்பட்ட தேடுதல் குழுக்களும் வெறுங்கையுடன் திரும்பின.

1967இல் அருகிலுள்ள 6,861 மீட்டர் உயர நந்தாகோட் சிகரத்தில் மற்றொரு கருவி நிறுவப்பட்டது. சில காலம் இயங்கிப் பனியில் புதைந்த அது, பின்னர் மீட்கப்பட்டது. நந்தாதேவியில் விடப்பட்டது மட்டுமே கிடைக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் வெளியான உண்மை

பதின்மூன்று ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்த இச்செய்தியை 1978ஆம் ஆண்டில் ‘அவுட்சைட்’ எனும் அமெரிக்க இதழ் வெளியிட்டது. இந்திய நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் 1978 ஏப்ரல் 17 அன்று அறிக்கை அளித்தார். இரு நாடுகளும் இணைந்தே இத்திட்டத்தை மேற்கொண்டதை அவர் ஒப்புக்கொண்டார். எரிபொருள், கசிவு ஏற்படாத வகையில் இரட்டை உறைகளில் அடைக்கப்பட்டிருந்ததாகவும், அதுவரை எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளில் மாசு காணப்படவில்லை என்றும் அவர் தெரிவித்தார்.

பின்னர் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் முன்னாள் தலைமை இயக்குநர் ஆத்மா ராம் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஹோமி சேத்னா, ராஜா ராமண்ணா, எம்.ஜி.கே.மேனன், வி.ராமலிங்கசுவாமி, ஏ.கே.சாகா ஆகியோர் அதில் இடம்பெற்றனர். சேத்னா அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர். ராமண்ணா 1972 முதல் 1978 வரை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர். மேனன் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர்.

1979இல் அறிக்கை அளித்த இக்குழு, நீர், காற்று, பாறை மாதிரிகளில் கதிரியக்க மாசு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. கங்கை மாசடையும் வாய்ப்பு மிகக் குறைவு எனக் கருதிய போதிலும், அப்பகுதியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

புளூட்டோனியம்-238 என்ன செய்யும்?

இக்கருவி அணுகுண்டைப் போல வெடிக்கும் தன்மை உடையது அன்று. புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து வெப்பம் தரும் எரிபொருளாகவே இதில் பயன்பட்டது. விண்கலங்களுக்கு மின்சாரம் வழங்கவும் இதே பொருள் பயன்படுத்தப்படுகிறது.

இது வெளியிடும் ஆல்ஃபா கதிர்களை ஒரு தாளோ மனிதத் தோலின் மேலடுக்கோ தடுத்துவிடும். உடலுக்குள் நுழைந்தால்தான் தீங்கு கடுமையாகும். நுண்துகளாக மூச்சின் வழியே நுரையீரலை அடைவதே மிக ஆபத்தானது. அங்கும், பின்னர் எலும்பிலும் கல்லீரலிலும் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். நீருடன் விழுங்கப்பட்டால் குடல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சிறிது.

புளூட்டோனியம் நீரில் எளிதில் கரைவதில்லை. வண்டல், களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உறை உடைந்து பொருள் வெளியேறினாலும், அது ஆற்று நீரில் கரைந்து கடல்வரை சீராகப் பரவுவதைவிட, மேற்பகுதி ஆற்றுப் படுகைகளில் வண்டலோடு படிவதற்கே வாய்ப்பு அதிகம். கங்கைச் சமவெளியின் கோடிக்கணக்கான மக்களைக் காட்டிலும், ரிஷிகங்கைக் கரையில் மணலையும் மண்ணையும் கையாளும் சிற்றூர் மக்களே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்பது இதன் பொருள்.

உறையின் வலிமைக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1968 மே மாதம் நாசாவின் நிம்பஸ் வானிலைச் செயற்கைக்கோள், ஏவப்பட்ட சிறிது நேரத்தில் ராக்கெட்டுடன் அழிக்கப்பட்டது. அதிலிருந்த ஸ்நாப்-19 வகை மின்கலங்கள் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கால்வாய்க் கடலில் விழுந்தன. ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்குப் பின் மீட்கப்பட்டபோது எரிபொருள் உறைகள் சேதமின்றி இருந்தன. அந்த எரிபொருளே அடுத்த செயற்கைக்கோளில் மீண்டும் பயன்படுத்தப்பட்டது.

ஆனால் கடலடியில் ஐந்து மாதங்கள் கிடப்பதும், பனியாற்றின் அடியில் பாறைகளுக்கு இடையே அறுபது ஆண்டுகள் அரைபடுவதும் ஒன்றல்ல. புளூட்டோனியம்-238இன் அரை ஆயுட்காலம் 87.7 ஆண்டுகள். 1965இல் இருந்த அளவில் ஏறக்குறைய 62 விழுக்காடு இன்னும் எஞ்சியுள்ளது. 2050களின் தொடக்கத்தில்தான் அது பாதியாகக் குறையும்.

பனி திருப்பித் தரும் பொருள்கள்

பனியாறு தன்னுள் புதைந்ததை வெளியிடும் என்பதற்கு இந்திய அணு அறிவியலோடு தொடர்புடைய ஒரு சான்று ஐரோப்பாவில் உள்ளது. நந்தாதேவியில் கருவி கைவிடப்பட்ட மூன்று மாதங்களுக்குப் பின், 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. வியன்னாவில் நடைபெறவிருந்த கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை ஹோமி பாபா உட்பட 117 பேர் உயிரிழந்தனர். ட்ராம்பே அணுசக்தி நிறுவனத்துக்கு 1967 ஜனவரியில் அவரது பெயர் சூட்டப்பட்டது.

அவ்விமானத்தின் சிதறல்களை அங்குள்ள போசோன் பனியாறு பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 2012இல் இந்தியத் தூதரகத்துக்கான அஞ்சல் பை ஒன்று கிடைத்தது. 2020இல், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வானதைத் தலைப்பாகக் கொண்ட 1966ஆம் ஆண்டு இந்திய நாளிதழ்கள் படிக்கக்கூடிய நிலையில் பனியிலிருந்து வெளிப்பட்டன. 54 ஆண்டுகளில் காகிதம்கூட அழியாமல் கீழே வந்து சேர்ந்தது.

போசோன் செங்குத்தான, வேகமாக நகரும் பனியாறு. நந்தாதேவியிலும் இதே கால அளவு பொருந்தும் எனக் கொள்ள இயலாது. கருவி பனிக்குள் நகர்ந்துகொண்டிருக்கலாம். பாறைப் பிளவில் சிக்கியிருக்கலாம். அடித்தளத்தில் நொறுங்கியும் இருக்கலாம். பனியாறு சுருங்கச் சுருங்க, புதைந்தவை வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது.

2021 பிப்ரவரி 7: வேறொரு ஆபத்து

2021 பிப்ரவரி 7 அன்று காலை, ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 204 பேர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். 13.2 மெகாவாட் ரிஷிகங்கை நீர்மின் நிலையம் முற்றிலும் அழிந்தது. கட்டுமானத்தில் இருந்த 520 மெகாவாட் தபோவன்–விஷ்ணுகாட் திட்டத்தின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கினர். மின் திட்டங்களில் பணியாற்றியவர்களே உயிரிழந்தவர்களில் பெரும்பாலானோர்.

தொலைந்த கருவியே இதற்குக் காரணமாக இருக்கலாம் என ரைணி பகுதி மக்களில் சிலர் ஐயம் தெரிவித்தனர். பனியேரி உடைந்ததாகவும் தொடக்கத்தில் செய்திகள் வெளியாயின. செயற்கைக்கோள் படங்கள், நில அதிர்வுப் பதிவுகள் ஆகியவற்றை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு, அதே ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் விளக்கம் அளித்தது. அதன்படி, ரோந்தி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. அதில் 80 விழுக்காடு பாறை, 20 விழுக்காடு பனி. விழுந்த வேகத்தில் உண்டான வெப்பம் பனியை உருக்கியதால், அது சேறும் நீருமாக மாறிப் பாய்ந்தது.

ரோந்தி சிகரம், நந்தாதேவிக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கிருந்து வரும் ரோந்தி ஓடை, நந்தாதேவி வளையத்துக்கு வெளியேதான் ரிஷிகங்கையில் கலக்கிறது. கருவி கைவிடப்பட்ட சரிவிலிருந்து இப்பேரிடர் தொடங்கவில்லை.

இப்பள்ளத்தாக்கில் மெய்ப்பிக்கப்பட்ட உயிரிழப்புகள் பாறைச்சரிவாலும் வெள்ளத்தாலும் நேர்ந்தவை. கதிரியக்கத்தால் நேர்ந்ததாக எந்தப் பதிவும் இல்லை. சரிவு விழும் பாதையில் மின் நிலையங்களும் தொழிலாளர்களும் இருந்ததும், முன்னெச்சரிக்கை ஏற்பாடு இல்லாததும் உயிரிழப்பைப் பெருக்கின.

சுருங்கும் பனி

ரிஷிகங்கையின் மேல் வடிநிலப் பகுதியில் உள்ள பனியாறுகளின் பரப்பு 1980இல் 243 சதுர கிலோமீட்டராக இருந்து, 2017இல் 217 சதுர கிலோமீட்டராகக் குறைந்ததாக இந்திய ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இது ஏறக்குறைய 10 விழுக்காடு இழப்பாகும். அண்டையில் உள்ள கங்கோத்ரி பனியாறும் பின்வாங்கி வருகிறது. அதன் முகப்பை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜே.பி.ஆடன் 1935இல் வரைபடமாக்கினார். 61 ஆண்டுகாலத் தரவுகளின்படி அது 1,147 மீட்டர் பின்வாங்கியது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 19 மீட்டர்.

இந்து குஷ்–இமயமலைப் பகுதியில் 2011–2020 காலத்தில் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாக இழப்பைச் சந்தித்ததாக, காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் 2023இல் தெரிவித்தது.

எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கும் இமயமலையே எடுத்துக்காட்டு. 2035க்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என ஐபிசிசி எனும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்த கூற்றுக்கு உரிய சான்று இல்லை என்பது தெரியவந்தது. 2010 ஜனவரியில் அக்கூற்று திரும்பப் பெறப்பட்டது. பனியாறுகள் சுருங்குவது உண்மை. அவை சில பத்தாண்டுகளில் முற்றிலும் மறையும் என்பது தவறான கணிப்பு.

ஐசோடோப்புகள் சொல்லும் செய்தி

ட்ராம்பே அறிவியலுக்கும் கங்கைப் பள்ளத்தாக்குக்கும் உள்ள தொடர்பு, தொலைந்த கருவியோடு முடிந்துவிடவில்லை. கர்ணபிரயாகைக்குக் கீழே அலக்நந்தாவின் கரையில் உள்ள கௌச்சர் பகுதியில் கோடைக்காலத்தில் ஊற்றுகள் வற்றி, மலைக் கிராமங்கள் குடிநீருக்குத் தவித்தன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள், உத்தராகண்டில் இயங்கும் ஹெஸ்கோ தொண்டு நிறுவனத்துடன் இணைந்து அங்கு ஆய்வு மேற்கொண்டனர்.

நீரில் இயல்பாகவே உள்ள ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் எனும் எடை மிகுந்த ஐசோடோப்புகளின் விகிதம், மழை பெய்யும் இடத்தின் உயரத்துக்கு ஏற்ப மாறும். ஊற்று நீரில் அந்த விகிதத்தை அளந்தால், அது எந்த உயரத்தில் விழுந்த மழை என்பதை அறியலாம். இம்முறையில் ஊற்றுகளுக்கு நீர் சேரும் சரிவுகள் கண்டறியப்பட்டு, அங்கு தடுப்பணைகளும் அகழிகளும் அமைக்கப்பட்டன. ஊற்றுகளின் நீர்வரத்து உயர்ந்ததை அறிவியலாளர்கள் 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பதிவு செய்தனர். பனி உருகிய நீரையும் மழைநீரையும் பிரித்துக் கணக்கிடவும் இதே முறை உதவுகிறது.

எதை அளக்க வேண்டும்?

காற்றில் உள்ள காமா கதிர்வீச்சைப் பதிவு செய்யும் கண்காணிப்பு நிலையங்களால் புளூட்டோனியம்-238 கசிவைக் கண்டறிவது கடினம். அதற்கு ஆற்று வண்டலை ஆய்வகத்தில் வேதிமுறையில் பிரித்து, ஆல்ஃபா நிறமாலை முறையில் அளக்க வேண்டும். 1950, 1960களின் வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் மண்ணில் மிக நுண்ணிய அளவில் புளூட்டோனியம் படிந்துள்ளது. அதில் பெரும்பகுதி புளூட்டோனியம்-239, 240 ஆகும். 238இன் பங்கு மிகக் குறைவு. எனவே ரிஷிகங்கை வண்டலில் 238இன் விகிதம் வழக்கத்தைவிட உயர்ந்தால், அது தொலைந்த கருவியையே சுட்டும்.

2018இல் உத்தராகண்ட் சுற்றுலாத் துறை அமைச்சராக இருந்த சத்பால் மகாராஜ், பிரதமர் நரேந்திர மோடியைச் சந்தித்து, கருவியைக் கண்டறிய நடவடிக்கை எடுக்குமாறு வலியுறுத்தினார். வண்டல் மாதிரிகளை ஆண்டுதோறும் ஒரே இடங்களில் எடுத்து முடிவுகளை வெளியிட்டால், ஒவ்வொரு வெள்ளத்தின் போதும் எழும் அச்சத்துக்கு உடனடியாக விடை சொல்ல முடியும். அதைப் போலவே, செங்குத்துச் சரிவுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதும், பள்ளத்தாக்கில் அபாயச் சங்குகள் நிறுவுவதும், சரிவுப் பாதையில் கட்டுமானங்களைத் தவிர்ப்பதும் 2021 பேரிடர் உணர்த்திய தேவைகள். முதலாவது, நேரக்கூடிய தீங்கு பற்றியது. இரண்டாவது, ஏற்கெனவே நேர்ந்த தீங்கு பற்றியது.

முக்கிய நிகழ்வுகள்

1934: ஷிப்டன், டில்மன் ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாக உட்பகுதியை அடைந்தனர்.

1936: நந்தாதேவி சிகரம் முதன்முறையாக ஏறப்பட்டது.

1965 அக்டோபர்: பனிப்புயலால் அணுசக்தி மின்கலம் நான்காம் முகாமில் கைவிடப்பட்டது.

1966: திரும்பிச் சென்ற குழுவினரால் கருவியைக் கண்டெடுக்க இயலவில்லை.

1967: நந்தாகோட்டில் இரண்டாவது கருவி நிறுவப்பட்டது; பின்னர் அது மீட்கப்பட்டது.

1978 ஏப்ரல் 17: பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார்.

1979: ஆத்மா ராம் குழு அறிக்கை அளித்தது.

1982: நந்தாதேவி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டு, உட்பகுதி மூடப்பட்டது.

1988: யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

2021 பிப்ரவரி 7: ரோந்தி சிகரச் சரிவால் ரிஷிகங்கை, தவுலிகங்கைப் பள்ளத்தாக்குகளில் பேரிடர் ஏற்பட்டது.